பொற்காசின் சிற்பியைத் தேடி

வாஷிங்டன் யூனியன் ஸ்டேஷனின் பெரிய கூடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால், மாடத்தைச் சுற்றிலும் கேடயம் ஏந்திய ரோமானிய வீரர்கள் சிலையாக வரிசைகட்டி நிற்கிறார்கள். அவர்களை உருவாக்கியவர் லூயி செயின்ட் காடென்ஸ். அந்த நிலையத்திலிருந்து தினமும் ‘வெர்மான்டர்’ என்ற ரயில் வடக்கே கிளம்புகிறது. ஃபிலடெல்ஃபியா, நியூயார்க் தாண்டி, கனெக்டிகட் ஆற்றையொட்டி மேலேறி, வெர்மான்ட் மலைகளுக்குள் போகிறது. வழியில் வின்ட்சர் என்ற சிற்றூரில் இறங்கி ஆற்றைக் கடந்தால், லூயியின் அண்ணன் அகஸ்டஸ் செயின்ட் காடென்ஸ் வாழ்ந்து மறைந்த வீடு இருக்கிறது. அமெரிக்காவின் ஆக அழகான பொற்காசு என்று சேகரிப்பாளர்கள் பலரும் போற்றுவது அந்த அகஸ்டஸ் வடித்த காசைத்தான்.

பழைய அமெரிக்க நாணயங்கள் மேல் எனக்கு நெடுநாளாகவே ஆசை. அருங்காட்சியகம், நாணயச்சாலை, நகரத்துச் சிலைகள், சிற்பியின் பட்டறை என நான்கும் ஒரே ரயில் பாதையில் அடுத்தடுத்து அமைந்திருப்பது தெரிந்ததும் கிளம்பிவிட்டேன்.

வாஷிங்டனில் முதலில் போக வேண்டிய இடம் ஸ்மித்சோனியனின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகம். அங்கே நாணயக் கூடத்துக்குள் நுழைவதே ஒரு கனத்த பெட்டகக் கதவின் வழியாகத்தான். சுமார் 16 லட்சம் பொருட்கள் கொண்ட சேகரிப்பு இது. ஃபிலடெல்ஃபியா நாணயச்சாலை தானே சேர்த்து வைத்திருந்த காசுகளும் 1923-இல் இங்கே வந்து சேர்ந்தன. பார்வைக்கு வைத்திருப்பது அதில் சிறு பங்கு. ஆனாலும் நிதானமாகப் பார்த்தால் அரை நாள் போதாது.

இந்தக் காசுகளைப் புரிந்துகொள்ள 1792-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து தொடங்க வேண்டும். புதிய நாட்டின் காசில் ஜனாதிபதியின் முகத்தைப் போடலாம் என்று ஒரு யோசனை எழுந்தது. அது மன்னராட்சி வழக்கம் என்று நாடாளுமன்றத்தில் எதிர்ப்பு வந்தது. கடைசியில் சட்டம் சொன்னது: ஒரு பக்கம் சுதந்திரத்தைக் குறிக்கும் உருவம், ‘லிபர்ட்டி’ என்ற சொல், ஆண்டு, தங்கம், வெள்ளிக் காசுகளின் மறுபக்கம் கழுகு. அவ்வளவுதான். நூறாண்டுக்கும் மேலாக அமெரிக்க நாணயக் கலை என்பது பெரும்பாலும் இந்த ஒரு பெண்ணை, சுதந்திர தேவியை, ஒவ்வொரு கைவினைஞரும் தத்தம் மனத்தில் கண்டபடி வடித்ததின் வரலாறு. 1793-இன் முதல் சென்ட்டில் அவள் தலைவிரி கோலமாக இருக்கிறாள்; மறுபக்கம் 15 கண்ணிகள் கொண்ட சங்கிலி. அந்தச் சங்கிலி மாநிலங்களின் ஒற்றுமைக்கு அடையாளம். ஜனங்களோ அதை அடிமை விலங்காகப் பார்த்தார்கள். 36,103 காசுகளோடு அந்த வடிவம் நின்றுபோனது. இன்று அதே செம்புக் காசை ஒரு தரம் கையில் ஏந்திப் பார்த்தாலே போதும் என்று ஏங்கும் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள்.

கூட்டம் கூடும் இடம் 1933-ஆம் ஆண்டின் 20 டாலர் பொற்காசு. 4,45,500 காசுகள் அச்சடிக்கப்பட்டும் எதுவும் புழக்கத்துக்கு விடப்படவில்லை. பொன்னை மக்கள் காசாக வைத்திருக்கக் கூடாது என்று ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் அரசு முடிவெடுத்ததால் ஏறத்தாழ எல்லாமே உருக்கப்பட்டன. தப்பிய காசு ஒன்று 2021-இல் 1 கோடியே 89 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. வருகிறவர்கள் விலையைச் சொல்லி வியந்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நான் அந்த உருவத்தின் முன்னால் நின்றேன்.

காசின் அகலம் 34 மில்லிமீட்டர்தான். அதற்குள் ஒரு பெண் நம்மை நோக்கி நேராக நடந்து வருகிறாள். பாறையில் ஒரு காலை ஊன்றியிருக்கிறாள். வலக்கையில் தீப்பந்தம், இடக்கையில் ஆலிவ் கிளை. கூந்தலும் அங்கியும் ஒரே காற்றில் பறக்கின்றன. பின்னால் சூரியக் கதிர்கள். இடப்பக்கம், அவள் அங்கியின் ஓரத்தில், கேபிடல் கட்டடத்தின் குவிமாடம் கடுகளவுக்குத் தெரிகிறது. யூனியன் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் கண்ணில் படும் அதே குவிமாடம். அதை அவ்வளவு சிறிதாக வைத்ததால்தான் அவள் அவ்வளவு உயரமாகத் தெரிகிறாள். முந்தைய காசுகளில் பக்கவாட்டு முகமாகவோ உட்கார்ந்த கோலத்திலோ இருந்தவளை எழுப்பி நடக்கவிட்டவர் செயின்ட் காடென்ஸ்.

அவரை இந்த வேலைக்கு இழுத்தவர் இன்னொரு ரூஸ்வெல்ட், தியோடர். பழைய கிரேக்கக் காசுகளின் உயர்ந்த புடைப்புச் சிற்பத்தில் மனம் பறிகொடுத்தவர். தன் நாட்டுக் காசுகள் அழகற்றவை என்று 1904 டிசம்பரில் நிதிச் செயலருக்கு எழுதி, செயின்ட் காடென்ஸைக் கொண்டு மாற்றலாமா என்று கேட்டார். மறுமாதம் வெள்ளை மாளிகை விருந்தில் ஜனாதிபதியும் சிற்பியும் கிரேக்கக் காசுகளைப் பற்றிப் பேசினார்கள். ஒரு வடிவம் 25 ஆண்டு புழங்கியிருந்தால் நாடாளுமன்றத்தைக் கேட்காமலே மாற்றலாம் என்று 1890-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் கொடுத்திருந்தது. அந்த வழியைத்தான் ரூஸ்வெல்ட் பிடித்துக்கொண்டார்.

ஃபிலடெல்ஃபியாவில் நாணயச்சாலைக்குப் போகும் வழியில் பெஞ்சமின் ஃபிராங்க்ளினின் கல்லறை இருக்கிறது. வருகிறவர்கள் அதன்மேல் சென்ட் காசுகளைப் போடுவது இங்கே வழக்கம். சலவைக்கல் பலகை முழுக்கச் செம்பு நிறத்தில் லிங்கன் முகங்கள். லிதுவேனியாவிலிருந்து குடியேறிய விக்டர் டேவிட் பிரென்னர் 1909-இல், லிங்கன் நூற்றாண்டில், வடித்த முகம் அது. பிரென்னர் தன் பெயரின் மூன்று முதலெழுத்துகளைப் பின்பக்கம் போட்டார். விளம்பரம் என்று கூச்சல் எழவே, சில நாட்களிலேயே அவை எடுக்கப்பட்டன. 1918-இல்தான் லிங்கனின் தோளருகே மிகச் சிறிதாக மீண்டும் வந்தன. சான் பிரான்சிஸ்கோவில் அந்த எழுத்துகளோடு அடிக்கப்பட்டவை 4,84,000 மட்டுமே என்பதால் அந்த ஒரு சென்ட்டைத் தேடி அலையாத அமெரிக்கச் சிறுவன் அந்தக் காலத்தில் குறைவு. புழக்கத்துக்கான கடைசி சென்ட் 2025 நவம்பரில் இதே நாணயச்சாலையில் அடிக்கப்பட்டது. 116 ஆண்டுகள் அந்த முகம் தொடர்ந்து அச்சில் இருந்தது.

நாணயச்சாலையைச் சுற்றிப் பார்க்கக் கட்டணம் இல்லை. இப்போதிருக்கும் கட்டடம் 1969-இல் திறக்கப்பட்டது. இந்த ஊரின் நான்காவது நாணயச்சாலை. உயரத்தில் இருக்கும் கண்ணாடி நடைபாதையிலிருந்து பார்த்தால், கீழே ஒவ்வோர் அச்சு இயந்திரமும் நிமிடத்துக்கு 700-க்கும் மேற்பட்ட காசுகளைக் கொட்டுகிறது. பழைய கட்டடத்திலிருந்து கொண்டுவந்த டிஃபனி கண்ணாடி மொசைக்குகளில் ரோமானியக் குழந்தைகள் காசு செய்துகொண்டிருக்கிறார்கள். ‘பீட்டர்’ என்ற கழுகின் பாடம் செய்த உடலும் இருக்கிறது. 1830-களில் நாணயச்சாலையைத் தன் வீடாக்கிக்கொண்ட பறவை அது. இயந்திரச் சக்கரத்தில் சிறகு சிக்கி இறந்தது. 1836-இல் கிறிஸ்டியன் கோப்ரெக்ட் செய்த டாலரின் பறக்கும் கழுகுக்கு மாதிரி இந்தப் பீட்டர்தான் என்று நாணயச்சாலைக்காரர்கள் பெருமையோடு சொல்கிறார்கள்.

அங்கிருந்து நடக்கிற தூரத்தில் பழைய காசுக்கடை ஒன்று. கடைக்காரர் எழுபது வயதைத் தாண்டியவர். வாங்குவதைவிடப் பார்ப்பதற்குத்தான் வந்திருக்கிறேன் என்றேன். “நல்லது. பார்க்கத் தெரிந்தவர்கள்தான் கடைசியில் நல்ல காசு வாங்குவார்கள்” என்று சொல்லி, மேசை விளக்கைப் போட்டு, பச்சைத் துணியை விரித்தார். முதலில் வைத்தது மோர்கன் டாலர். இங்கிலாந்திலிருந்து வந்த ஜார்ஜ் மோர்கன் 1878-இல் வடித்தது. முகத்துக்கு மாதிரியாக அமர்ந்தவர் இதே ஊர் ஆசிரியை அன்னா வில்லஸ் வில்லியம்ஸ். 38 மில்லிமீட்டர் அகலம், பத்தில் ஒன்பது பங்கு வெள்ளி. கோடிக்கணக்கில் அடித்த இந்தக் காசுகள் பல ஆண்டுகள் கருவூலத்தில் மூட்டை மூட்டையாகத் தூங்கின. அதனால் நூறு வயதைக் கடந்த காசும் நேற்று அடித்ததுபோல் இன்றும் கிடைக்கிறது.

“ஓரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். முகத்தைத் தொடாதீர்கள். விளக்குக்குக் கீழே மெதுவாகச் சாயுங்கள்” என்றார். சாய்த்ததும், காசின் நடுவிலிருந்து விளிம்புவரை ஒளிக்கோடுகள் இரண்டு எழுந்து, வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள்போலச் சுழன்றன. அச்சின் அழுத்தத்தில் உலோகம் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக நகரும்போது கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கோடுகள் விழுகின்றன. ஒளி அந்தக் கோடுகளில் பட்டுத்தான் சுழல்கிறது. அடுத்து, அதே ஆண்டின் இன்னொரு டாலரை வைத்தார். முதல் பார்வைக்கு அது இன்னும் பளபளப்பாக இருந்தது. சாய்த்தேன், எதுவும் அசையவில்லை. யாரோ ஒருவர் நன்றாகத் தேய்த்துக் கழுவியிருக்கிறார். நுண்கோடுகள் போய்விட்டன, ஒளியும் அதோடு போய்விட்டது. “இதை என்ன செய்தாலும் இனி திரும்பக் கொண்டுவர முடியாது” என்று அவர் சொன்னபோது குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

பிறகு 1913-ஆம் ஆண்டின் பஃபலோ நிக்கல். செயின்ட் காடென்ஸிடம் உதவியாளராக இருந்த ஜேம்ஸ் எர்ல் ஃபிரேசர் வடித்தது. முன்பக்கம் செவ்விந்தியர் முகம், விளிம்புவரை நிறைந்து நிற்கிறது. அயர்ன் டெய்ல், டூ மூன்ஸ் உள்ளிட்ட தலைவர்களின் சாயல்களைச் சேர்த்து ஒரே முகமாக்கியதாக ஃபிரேசர் சொல்லியிருக்கிறார். பின்பக்கம் பைசன் எருமை, வட்டத்தின் குறுக்களவு முழுவதையும் அடைத்துக்கொண்டு. 21 மில்லிமீட்டர் வட்டத்துக்குள் அந்த விலங்கின் எடையை உணர முடிகிறது. கடைக்காரர் லென்ஸைக் கொடுத்து, அதன் கொம்பையும் தோள் மயிரையும் பார்க்கச் சொன்னார். இந்தக் காசில் ஆண்டு எழுத்து மேட்டுப் பகுதியில் இருப்பதால் முதலில் தேய்ந்துபோவது அதுதான். ஆண்டே இல்லாத பஃபலோ நிக்கல்களை ஒரு டப்பா நிறைய வைத்திருந்தார். ஆண்டு போனாலும் முகம் நிற்கிறது, எருமை நிற்கிறது.

கடைசியாக வைத்தது அடால்ஃப் வைன்மன் வடித்த அரை டாலர். ஜெர்மனியில் பிறந்தவர், இவரும் செயின்ட் காடென்ஸின் மாணவர். கொடியைப் போர்த்திய சுதந்திர தேவி உதயசூரியனை நோக்கி நடக்கிறாள். 1916 முதல் 1947 வரை சாதாரண மக்களின் சட்டைப்பையில் கிடந்த காசு இது. கிளைகளை அணைத்திருக்கும் அவளுடைய இடக்கை விரல்களைத்தான் அனுபவசாலிகள் முதலில் பார்ப்பார்களாம். அந்த இடத்துக்கு நேர் பின்னால் கழுகின் உடல் மேடாக இருப்பதால், இரண்டு பக்கமும் நிரம்ப உலோகம் போதாமல் பல காசுகளில் விரல்கள் மழுங்கிப் போயிருக்கும். விரல்கள் பிரிந்து தெரிந்தால் அது அருமையான அச்சு. சிற்பியின் மனமும் இயந்திரத்தின் வலுவும் சந்தித்துச் சமரசம் செய்துகொண்ட இடம் அந்த விரல்நுனி. பழைய காசுகளில் அழகைத் தேடுகிறவர்கள் தேடுவது இத்தகைய இடங்களைத்தான்.

நியூயார்க்கில் இதே கைகளின் பெரிய வேலைகளை வீதியிலேயே பார்க்கலாம். ஐந்தாம் அவென்யூவும் 59-ஆம் தெருவும் சந்திக்கும் இடத்தில் ஜெனரல் ஷெர்மனின் பொன்முலாம் பூசிய குதிரைச் சிலை. செயின்ட் காடென்ஸ் செய்தது, 1903-இல் திறக்கப்பட்டது. குதிரைக்கு முன்னால் சிறகு விரித்து நடக்கிறாள் வெற்றி தேவி. அந்த நடை, அந்தக் காற்று, அந்த மடிப்புகள்: பொற்காசுக்காரியின் மூத்த சகோதரி இவள். தொடக்க வரைவுகளில் காசுக்காரிக்கும் சிறகு இருந்தது. வெற்றி தேவிக்கு மாதிரியாக நின்றவர் தென் கரோலினாவில் பிறந்த ஹெட்டி ஆண்டர்சன் என்ற ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண். பொற்காசின் உருவத்துக்கும் அவரே ஆதாரம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அவருடைய பெயர் பல பத்தாண்டுகள் எங்குமே பேசப்படாமல் இருந்தது. அந்தச் சிலைக்குக் கீழே நிற்கிறபோது அந்தப் பெயரை நினைத்துக்கொள்வது நம் கடமை.

நகரின் தெற்கே, மன்ஹாட்டன் முனிசிபல் கட்டடத்தின் உச்சியில் மின்னும் பொன்னிறப் பெண் வைன்மனுடையவள். வாஷிங்டன் சதுக்கத்து வளைவில் படைத்தளபதிக் கோலத்தில் நிற்கும் ஜார்ஜ் வாஷிங்டன் ஹெர்மன் மெக்நீலின் கைவேலை. அந்தச் சிலை நிறுவப்பட்ட அதே 1916-இல்தான் மெக்நீலின் கால் டாலரும் வந்தது. கோபுர உயரத்துக்குச் சிலை செய்தவர்கள் கட்டைவிரல் அகலக் காசையும் அதே அக்கறையோடு செய்தார்கள். 1907-இலிருந்து 1921 வரையிலான காலத்தைச் சேகரிப்பாளர்கள் அமெரிக்க நாணயத்தின் மறுமலர்ச்சி என்று கொண்டாடுவது இதனால்தான்.

நியூயார்க்கிலிருந்து வின்ட்சருக்கு அரை நாளுக்கு மேல் ஆகும் பயணம். ஸ்பிரிங்ஃபீல்டுக்குப் பிறகு ஆறு கூடவே வருகிறது. வின்ட்சரில் இறங்கி, 1866-இல் கட்டிய 449 அடி நீள மரக்கூரைப் பாலத்தைக் கடந்தால் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம், கார்னிஷ் ஊர். சில மைல் தூரத்தில் செயின்ட் காடென்ஸின் வீடு, இன்று தேசிய வரலாற்றுப் பூங்கா. தந்தை பிறந்த பிரெஞ்சு ஊரின் நினைவாக வீட்டுக்கு ‘ஆஸ்பெ’ என்று பெயர் வைத்தார். எதிரே அஸ்கட்னி மலை நீலமாக நிற்கிறது. கட்டடங்கள் திறந்திருப்பது மே மாதக் கடைசியிலிருந்து அக்டோபர் வரைதான். போக நினைப்பவர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

டப்ளினில் 1848-இல் பிறந்து, கைக்குழந்தையாக நியூயார்க் வந்தவர் செயின்ட் காடென்ஸ். அப்பா செருப்புத் தைப்பவர். 13 வயதில் கேமியோ செதுக்குபவரிடம் வேலைக்குச் சேர்ந்தார். சங்கிலும் கல்லிலும் விரல்நகம் அளவுக்கு முகம் செதுக்கும் தொழில் அது. அந்தப் பயிற்சி வீண்போகவில்லை என்பதை இங்கே உள்ள ஷா நினைவுச் சிற்பத்தின் முன்னால் நின்றபோது உணர்ந்தேன். கறுப்பினப் படைவீரர்களோடு போருக்குச் செல்லும் கர்னல் ஷாவின் வெண்கலப் புடைப்புச் சிற்பம். பாஸ்டனில் இருக்கும் மூலத்துக்குப் பத்தாண்டுக்கு மேல் உழைத்தார். குதிரை பலகையை விட்டுக் கிட்டத்தட்ட முழு உருவாக வெளியே வந்து நிற்கிறது. வீரர்களின் முகங்கள் வரிசை வரிசையாகப் பின்வாங்குகின்றன. மேலே மிதக்கும் பெண் உருவம் வெறும் மூச்சளவு புடைப்பில் இருக்கிறது. உலோகத்தின் சில அங்குலக் கனத்தில் இத்தனை தூரங்களைக் காட்டத் தெரிந்தவருக்குத்தான் காசின் சில மில்லிமீட்டர் கனத்திலும் காற்றைக் காட்ட முடியும்.

பட்டறையின் வெளிச்சுவரில், கொடிப்பந்தலின் கீழே, பார்த்தெனான் கோயிலின் புடைப்புச் சிற்ப வார்ப்புகள் பதித்திருக்கின்றன. அவர் வேலை செய்த கடைசி ஆண்டுகளில் புற்றுநோய் முற்றியிருந்தது. உதவியாளர் ஹென்றி ஹெரிங் பிளாஸ்டர் மாதிரிகளைச் செய்து நாணயச்சாலைக்கு எடுத்துப் போவார். தலைமைச் செதுக்குநர் சார்லஸ் பார்பர் முடியாது என்பார். பார்பர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. முதல் மாதிரியின் புடைப்பு அவ்வளவு உயரம். ஒரே காசை ஏழெட்டு முறை அழுத்த வேண்டியிருந்தது. ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் பொன் இறுகிவிடும். மறுபடி நெருப்பில் காய்ச்சி இளக்கி அடுத்த அடிக்கு வைக்க வேண்டும். அப்படிச் செய்தவை 20 காசுகள் அளவில்தான். புடைப்பைக் குறைத்து, ஆண்டை ரோமானிய எண்களில் போட்டுச் சுமார் 12,000 காசுகள் அடித்தார்கள். அவை வங்கிகளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வசதிப்படவில்லை. கடைசியில் பார்பர் இன்னும் தாழ்த்திய வடிவமே 1933 வரை ஓடியது. மக்கள் கைக்குத் தன் காசு வருமுன், 1907 ஆகஸ்ட் 3-இல், செயின்ட் காடென்ஸ் இந்த வீட்டில் காலமானார். தோட்டத்துச் சலவைக்கல் மண்டபத்தில் அவருடைய அஸ்தி இருக்கிறது.

தோற்றுப்போன முயற்சியாகச் சிலர் இதைச் சொல்வதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தாழ்த்தப்பட்ட பிறகும் அந்த நடை சாகவில்லை. அவருக்குப் பின் ஃபிரேசரும் வைன்மனும் நிக்கல், பத்து சென்ட், அரை டாலர் என்று ஏழையின் கைக்கும் போகிற காசுகளில் சிற்பத்தைக் கொண்டுவந்தார்கள். 1986 முதல் அமெரிக்க அரசு வெளியிடும் தங்கக் காசில் செயின்ட் காடென்ஸின் பெண்ணும், வெள்ளிக் காசில் வைன்மனின் பெண்ணும் நடக்கிறார்கள். 2009-இல் கணினி உதவியோடு, அந்தப் பழைய உயர்ந்த புடைப்பிலேயே ஒரு பொற்காசையும் அமெரிக்க அரசு அடித்துக் காட்டியது. நூறாண்டு கழித்து ஒரு நாடு தன் சிற்பியிடம் திரும்பிப் போகிறதென்றால், வென்றது சிற்பிதான்.

அமெரிக்கா போகிறவர்கள் இந்த ரயிலில் ஒரு முறை ஏறிப் பாருங்கள். பொற்காசு வாங்கப் பணம் வேண்டும். தேய்ந்த பஃபலோ நிக்கல் சில டாலர்களுக்கே கிடைக்கும். ஒன்றை வாங்கி விளக்கடியில் சாய்த்துப் பாருங்கள். நம் வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பழைய காசுகளுக்கும் சேர்த்து ஒரு வேண்டுகோள்: புளியோ சாம்பலோ போட்டு அவற்றைத் தேய்த்துவிடாதீர்கள். கருத்திருந்தால் கருத்தபடியே இருக்கட்டும். தேய்த்து அழித்த வேலைப்பாட்டை எந்தச் சிற்பியாலும் திருப்பித் தர முடியாது.